பையனை எங்கே விடுவது?

குடும்ப வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் காப்பகம் திறந்து கூடுதல் நிதி ஒதுக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரிதான். ஆனால் இருக்கும் இடத்துக்குள்ளேயே ஒரு பெண்ணால் நுழைய முடிகிறதா? எங்கள் தெருவில் ஒரு அக்கா, கணவரின் அடி தாங்காமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினார். கூட 14 வயதுப் பையன். வன்முறைக்கு ஆளான பெண்கள் சில நாள் தங்கி உதவி பெறும் அரசின் 'சகி' மையம், அதிக நாள் தங்கும் அரசுத் திட்டக் காப்பகமான 'சக்தி சதன்' இரண்டிலுமே அம்மாவோடு தங்க ஆண் பிள்ளைகளுக்கு 12 வயதுதான் வரம்பு. பையனை விட்டுவிட்டு எந்த அம்மா போவாள்? விடிவதற்குள் வீட்டுக்கே திரும்பிவிட்டார்.

போக முடிந்தவர்களுக்கும் சகி மையத்தில் தங்கல் பொதுவாக 5 நாள். அதற்குள் வேலை, வாடகை வீடு, வழக்கு என்று என்னத்தைத்தான் முடிப்பது?

இன்னொன்று. முதலில் புகார் கொடுத்துவிட்டு வா என்று சொல்லிக் காப்பகங்களில் பெண்களைத் திருப்பி அனுப்புவதாகக் கேள்விப்படுகிறேன். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 6வது பிரிவுப்படி, கேட்டால் காப்பகம் இடம் தர வேண்டும். நடந்த கொடுமையைப் பற்றிய அதிகாரபூர்வமான குடும்ப வன்முறை அறிக்கை பதியவில்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், 6வது பிரிவு என்று குறிப்பிட்டே கேளுங்கள். பெண்கள் உதவி எண்ணான 181க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். நிதி எப்போது வருமோ, அந்த வயது வரம்பைத் தளர்த்த எவ்வளவு செலவாகிவிடும்?