நியாயக் கூலி பற்றித் திருச்சபை பேசியது 2013இல்தான் தொடங்கியதா?

'கூலி, தொழிற்சங்கம் என்று திருச்சபை பேசுவதெல்லாம் 2013இல் போப் பிரான்சிஸ் வந்தபிறகு நுழைந்த கம்யூனிசம்' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. 1891 மே 15 அன்றே திருத்தந்தை (போப்) பதின்மூன்றாம் லியோ 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலில் (திருச்சபைக்குப் போப் எழுதும் பொதுக் கடிதம்), சிக்கனமாக வாழும் தொழிலாளி பிழைக்கப் போதாத கூலி அநீதி என்றும், தொழிலாளர்கள் சங்கம் அமைப்பது அவர்கள் உரிமை என்றும் எழுதிவிட்டார். சரி, அது கம்யூனிசமா? அதே மடல் சோசலிசத்தை மறுத்து, தனியுடைமையை ஆதரிக்கிறது. செய்தியை எழுதியவர் இதைப் படித்திருந்தாலே போதும். அப்புறம் 1931இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதரின் (பயஸ்) மடல், 1986இல் அமெரிக்க ஆயர்களின் (பிஷப்புகளின்) பொருளாதார நீதி மடல் என்று இது தொடர்ந்தே வந்திருக்கிறது. திருத்தந்தையரின் மடல்கள் வத்திக்கான் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம், அனுப்பியிருந்தால் அதே குழுவில் இதையும் போட்டுவிடுங்கள்.