பின்மூடியில் பொறித்த எண்

தைப்பூசத்துக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு லண்டனிலிருந்து வந்திருந்தான் என் தம்பி மகன். மலைக்கோயிலில் காவடி இறக்கி, வீட்டுக்கு வந்து, வாழை இலையில் ஏழு கறியும் சோறும் சாப்பிட்டு, எல்லாரும் வராந்தாவில் காற்று வாங்கிக்கொண்டிருந்தோம். கைபேசியை என் பக்கம் நீட்டி, "பெரியப்பா, இதை வாங்கட்டுமா?" என்றான். பெரியப்பா என்பது மட்டும் தமிழ், மற்றதெல்லாம் கிரியோல். மொரீஷியஸில் பெரும்பாலான தமிழ் வீடுகளில் பேச்சு அப்படித்தான்.

படத்தில் இருந்தது ஓர் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கைக்கடிகாரம். 2015-இல் வந்த 'சில்வர் ஸ்னூப்பி' குரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்சும் சேர்ந்த கடிகாரம், லிமிடெட் எடிஷன். உலகம் முழுவதற்கும் சேர்த்து 1970 கடிகாரங்கள் மட்டுமே செய்தார்கள். வந்தபோது இருந்த விலை வேறு. இன்று கைமாறும் விலை அதைப் போலப் பல மடங்கு. அவன் நான்கு வருடமாகச் சேர்த்த பணம் அப்படியே அதற்குப் போய்விடும்.

அன்றைக்கு அவனுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. இரண்டு வாரமாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவனுக்கு எழுத்துக் கூட்டித் தமிழ் வாசிக்க வரும், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மெதுவாக வாசிக்கட்டும்.

முதலில் அந்தக் கடிகாரத்தில் எனக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். 1970 ஏப்ரலில் மூன்று விண்வெளி வீரர்களோடு அப்பல்லோ 13 விண்கலம் நிலவுக்குப் போகும் வழியில் அதன் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். பூமிக்குத் திரும்பும் பாதை சற்றுப் பிசகியிருந்ததால், அதைச் சரிசெய்ய எஞ்சினை 14 விநாடி எரிக்க வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவரான ஜாக் ஸ்விகர்ட் தன் மணிக்கட்டில் இருந்த ஸ்பீட்மாஸ்டரைப் பார்த்து அந்த விநாடிகளை அளந்தார். மூன்று பேரும் உயிரோடு திரும்பினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் விண்வெளி வீரர்கள் கொடுக்கும், ஒரு கார்ட்டூன் நாயின் பெயர் கொண்ட வெள்ளி ஸ்னூப்பி விருது ஒமேகாவுக்குக் கிடைத்தது.

அந்தக் கதைதான் டயலில் இருக்கிறது. வெள்ளை டயலின் ஓரத்தில், 12 மணியிலிருந்து முதல் 14 விநாடி வரைக்கும் ஒரு கேள்வி பொடி எழுத்தில் ஓடுகிறது: 14 விநாடியில் உன்னால் என்ன செய்ய முடியும்? பித்தானை அழுத்தினால் நடுமுள் அந்தக் கேள்வியின் மேலேயே நடந்து, அது முடியும் இடத்தில் சரியாக 14-ஐத் தொடுகிறது. இது அலங்காரமில்லை. கடிகாரத்தின் வேலையும் அதன் கதையும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. இப்படி யோசித்த வடிவமைப்பாளருக்கு நான் தலைவணங்குகிறேன். 1970 என்ற எண்ணும் அப்படித்தான், அது விருது கிடைத்த ஆண்டு. 2003-இல் வந்த முதல் ஸ்னூப்பியில் 5441 கடிகாரங்கள்; அப்பல்லோ 13 பறந்தது மொத்தம் 142 மணி 54 நிமிடம் 41 விநாடி. எண்ணுக்கு ஒரு பிறப்பு இருக்கிறது.

ஆனால் அதே டயலில் தோல்வி என்ற பேச்சுக்கே இடமில்லை என்று பொருள்படும் இன்னொரு வாசகமும் இருக்கிறது. பின்னாளில் எடுத்த திரைப்படத்துக்காக எழுதிய வசனம் அது. அந்த நாட்களில் கட்டுப்பாட்டு அறையில் யாரும் அதைச் சொல்லவில்லை. உண்மையில் நடந்த 14 விநாடிக்குப் பக்கத்தில் சினிமா வசனத்தை வைத்தது எனக்குப் பொறுக்கவில்லை. அதை எடுத்துவிட்டால் டயல் இன்னும் நன்றாக மூச்சு விடும்.

சரி, இப்போது அந்த 'குறைந்த எண்ணிக்கை' விஷயத்துக்கு வருகிறேன்.

போர்ட் லூயியில் கோதான் துறைமுகக் கரையில் உள்ள புளூ பென்னி அருங்காட்சியகத்துக்கு அவனைச் சின்ன வயதில் நான்தான் கூட்டிப்போனேன். 1847 செப்டம்பரில் இங்கே அச்சடித்த இரண்டு 'போஸ்ட் ஆபீஸ்' தபால்தலைகள் அங்கே இருக்கின்றன. ஒரு பென்னி ஆரஞ்சுச் சிவப்பு, இரண்டு பென்னி நீலம். ஜோசப் பார்னார்ட் செம்புத் தகட்டில் கையால் செதுக்கியவை. ஒவ்வொன்றிலும் 500 அச்சடித்தார்கள். ஆளுநரின் மனைவி ஒரு நடன விருந்துக்கு அழைப்பு அனுப்பினாள்; முதல் தலைகள் அந்த உறைகளில் ஒட்டப்பட்டன. விருந்து முடிந்ததும் உறைகள் குப்பைக்குப் போயிருக்கும். இன்று இரண்டு வகையும் சேர்த்து 27 தலைகள்தான் எஞ்சியிருக்கின்றன. 1993-இல் இந்த நாட்டு வங்கியும் கம்பெனிகளும் சேர்ந்து ஏறக்குறைய 20 லட்சம் டாலர் கொடுத்து அந்த இரண்டையும் ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்தன. நிறம் மங்காமல் இருக்க அசல் தலைகளின் மேல் ஒவ்வொரு மணியிலும் கொஞ்ச நேரம்தான் விளக்குப் போடுவார்கள். நாங்கள் காத்திருந்து பார்த்தோம்.

அந்தத் தலைகளை யாரும் அரிதாக இருக்கட்டும் என்று அச்சடிக்கவில்லை. கடிதம் போய்ச் சேரட்டும் என்றுதான் அடித்தார்கள். தொலைந்தது போக மிஞ்சியதால் அரிதாயின. ஹாலிவுட் நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேட்டோனா கதையும் இதேதான். இன்று அவர் பெயரால் அழைக்கிறார்களே, அந்த டயல் கடைகளில் கேட்பாரற்றுக் கிடந்தது. யாரும் வாங்காததால் குறைவாகச் செய்தார்கள். அவர் கட்டியிருந்த அதே கடிகாரம் 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது. அவருடைய மனைவி வாங்கிக்கொடுத்த பரிசு, வருடக்கணக்காகக் கையில் கட்டித் தேய்ந்தது.

லிமிடெட் எடிஷனில் இது தலைகீழ். கடிகாரம் பிறப்பதற்கு முன்னாலேயே அது அரிதாக இருக்கட்டும் என்று ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்துவிடுகிறார்கள். 2017 ஜனவரியில் இதே ஸ்பீட்மாஸ்டரில் 2012 கடிகாரம் கொண்ட ஒரு பதிப்பை இணையத்தில் விட்டார்கள். 4 மணி 15 நிமிடம் 43 விநாடியில் தீர்ந்துவிட்டது. வாங்கியவர்களில் ஒருவர்கூட அதைக் கையில் கட்டிப் பார்த்திருக்க முடியாது. அவசரமும் பயமும் சேர்ந்து வாங்கவைத்தன என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு பொருளை அதன் அழகுக்காக விரும்புவதும், பக்கத்து ஆளிடம் இல்லை என்பதற்காக விரும்புவதும் வேறு வேறு. இரண்டாவதை நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறேன்.

குரோனோகிராஃப் என்ற பெயர் எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். 1821 செப்டம்பர் 1 அன்று பாரிசின் ஷாம் தெ மார்ஸ் திடலில் குதிரைப் பந்தயம். நிக்கோலா ரியூசெக் ஒரு பெட்டியோடு வந்தார். குதிரை கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டிக்குள் சுழலும் டயல் மேல் ஒரு சொட்டு மை விழும். காலத்தை எழுதும் கருவி, பெயரே அதுதான். எங்கள் போர்ட் லூயியிலும் ஒரு ஷாம் தெ மார்ஸ் இருக்கிறது, அதற்கும் ஒன்பது வருடம் முன்பு, 1812-இலேயே அங்கே பந்தயக் கழகம் தொடங்கிவிட்டார்கள். சனிக்கிழமைகளில் அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு போவார். அப்பா பந்தயம் கட்ட மாட்டார், குதிரை ஓடுவதைப் பார்க்க மட்டும். வேலியோரம் ஸ்டாப்வாட்ச் பிடித்து நிற்கிறவர்களைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். குதிரை தாண்டியதும் கட்டைவிரல் இறங்கும், ஒரே பார்வையில் நேரம் தெரிந்துவிடும்.

அந்த ஒரே பார்வைதான் என் அளவுகோல். குரோனோகிராஃப் டயலை வடிவமைப்பது சிரமமான வேலை. ஒரு முகத்துக்குள் நான்கு முகம் இருக்கிறது: மணி காட்டும் பெரிய முட்கள், ஓயாமல் ஓடும் சின்ன விநாடி முள், 30 நிமிடம் எண்ணும் வட்டம், 12 மணி எண்ணும் வட்டம். வெளிவளையத்தில் வேகம் காட்டும் அளவுகோல். ஒரு கிலோமீட்டரை 36 விநாடியில் கடந்தால் முள் 100-இல் நிற்கும். இவ்வளவையும் ஒன்றையொன்று மிதிக்காமல் வைக்க வேண்டும். சாதாரண ஸ்பீட்மாஸ்டர் அதைச் செய்கிறது. மங்கிய கருப்பில் வெள்ளைக் கோடு, மெல்லிய நீண்ட நடுமுள், அவ்வளவுதான். 1965-இல் நாசா சோதித்துத் தேர்ந்தெடுத்தபோது இருந்த முகம் இன்றும் ஏறக்குறைய அதேதான்.

பெரும்பாலான லிமிடெட் எடிஷன்களில் என்ன நடக்கிறது? உள்ளே அதே எந்திரம், வெளியே நிறம் மட்டும் மாற்றம். வெள்ளி டயல் மேல் வெள்ளி முள் வைத்து, வெயிலில் மணியே தெரியாமல் செய்கிறார்கள். சின்ன வட்டம் பெரிய எண்ணின் பாதியைத் தின்றுவிடும். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் தேதிக்கு ஒரு சன்னல் குடைவார்கள். புதுக் கடிகாரத்துக்குப் பழுப்பு பூசி, ஐம்பது வருடம் பழையது போல ஆக்குவார்கள். இதில் எதற்கும் காரணம் கேட்டால் பதில் வராது. அப்புறம் பின்மூடியில் ஓர் எண் பொறித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஒரு நல்ல லிமிடெட் எடிஷனை நானும் கனவு காண்கிறேன். எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கின்றன. 1998-இல் புதிய நோட்டுகளில் மொழி வரிசையை மாற்றியபோது தமிழர்கள் எழுந்து நின்றார்கள், அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அரபு மொழியில் எழுதும் எண் போட்ட டயல்களைப் பெரிய கம்பெனிகள் விற்கின்றன. தமிழ் எண் போட்ட டயல் எப்படி இருக்கும் என்று வகுப்பில் பிள்ளைகளோடு வரைந்து பார்த்தேன். பத்து என்பது ௰, ஒற்றை எழுத்து. பதினொன்று ௰௧, பன்னிரண்டு ௰௨. மேல் இடப்பக்கம் அடைசல் குறைந்து டயல் லேசாகிறது. அதை ஒரு நாள் யாராவது செய்தால், அதன் எண்ணிக்கைக்கு ஒரு காரணம் இருக்கும்.

ஆனால் என் மனத்தில் உண்மையாக இருப்பது இன்னொரு எண்.

1960களின் நடுவில், இந்தத் தீவின் ஏற்றுமதி என்றால் சர்க்கரைதான் என்றிருந்த காலத்தில், ஜோஸே பொன்சினி என்பவர் ஒன்றைக் கவனித்தார். ஸ்விஸ் கடிகாரத்துக்குள் இருக்கும் மாணிக்கக் கல் கடுகைவிடச் சின்னது, எடையே கிடையாது. அதை விமானத்தில் இங்கே கொண்டுவந்து, ஓட்டை போட்டு, திருப்பி அனுப்பினால் தூரம் ஒரு பொருட்டே இல்லை. சர்க்கரை அல்லாத ஏற்றுமதித் தொழில் இங்கே அப்படித்தான் தொடங்கியது. 1970-இல் ஏற்றுமதித் தொழிலுக்கென்று தனிச் சட்டமே வந்தது.

என் அம்மா அப்படி முளைத்த ஒரு பட்டறைக்குப் பதினெட்டு வயதில் வேலைக்குப் போனாள். கரும்புத் தோட்டத்தில் பிறந்தவள். கடிகாரச் சக்கரத்தின் எஃகு முனை பித்தளையில் சுழன்றால் சீக்கிரம் தேய்ந்துவிடும்; மாணிக்கத்தில் சுழன்றால் பல தலைமுறை தாங்கும். செயற்கை மாணிக்கம்தான், ஆனால் கடினத்தில் வைரத்துக்கு அடுத்த நிலை. அதில் தலைமுடி நுழையும் அளவுக்கு ஓட்டை போட, மெல்லிய ஊசியில் வைரத்தூளைத் தடவி, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். திருச்சிப் பக்கம் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுபவர்களுக்கு இந்த வேலை புரியும். கூலி கல் கணக்கில். ஓரம் தெறித்தால் அந்தக் கல் கணக்கில் சேராது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கண்ணில் ஈரத்துணி போட்டுப் படுத்திருப்பாள். நானும் தம்பியும் சத்தம் போடக் கூடாது. நாற்பது வயதுக்கு முன்பே ஊசியில் நூல் கோர்க்க எங்களைக் கூப்பிடுவாள். முதலாளிகள் கண்ணுக்காக ஒரு காசு கொடுத்ததில்லை.

அந்தக் கற்கள் போய்ச் சேர்ந்த கடிகாரங்களின் டயலில் 'ஸ்விஸ் மேட்' என்றும், 17 கல் என்றும் எழுதியிருக்கும். அந்தப் பதினேழுக்குப் பின்னால் இருந்த பெண்களை யாரும் எண்ணவில்லை. இது எனக்கு இன்றும் வலிக்கிறது.

மகனே, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அந்த 14 விநாடிக் கதை உனக்கு அவ்வளவு பிடித்திருந்தால் வாங்கு, வாங்கினால் கட்டு. பெட்டகத்தில் பூட்டிவைத்து விலை ஏறுகிறதா என்று பார்ப்பதற்கென்றால் வேண்டாம். உன் கையில் ஏற்கெனவே இருக்கும் ஸ்பீட்மாஸ்டருக்குள் ஓடுவதும் அதே குடும்பத்து எந்திரம்தான், அதே 18 கல்தான்.

நீ ஊருக்குக் கிளம்பும் முன் ராத்திரி, அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாய். கண்ணாடி முதுகு மேலே தெரிந்தது. பாட்டி அதை எடுத்து விளக்குக்குக் கீழே கொண்டுபோய், தன் பழைய பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்து, ரொம்ப நேரம் பார்த்தாள். எத்தனை கல் என்று என்னிடம் கேட்டாள். பதினெட்டு என்றேன். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். தெரிந்ததை எண்ணி முடித்துவிட்டு, கடிகாரத்தைத் துணியால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"மிச்சம் டயலுக்குக் கீழே இருக்கும்" என்றாள்.