கடல் நாட்களுக்கு 304 போதும்

கப்பல் பயணத்தில் துறைமுகம் எதையும் தொடாத கடல் நாட்கள் அடுத்தடுத்து வந்தால் காசு கட்டி வைஃபை எடுக்காமல் பொழுது போகாது என்று கட்டுரையில் எழுதியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. லண்டனில் இருக்கும் அக்கா குடும்பத்தோடு சவுதாம்ப்டனிலிருந்து நியூயோர்க்குக்குக் கப்பலில் போனோம். இடையில் ஒரு துறைமுகமும் கிடையாது. போதாக்குறைக்கு, மேற்கே போவதால் நேர வித்தியாசம் 5 மணித்தியாலத்தையும் ஒவ்வொன்றாக இரவுகளில் பின்னுக்குத் தள்ளுவார்கள், அதனால் பல நாட்களுக்கு 25 மணித்தியாலம்! எங்களுக்குக் கைகொடுத்தது 304 என்ற நம்மூர் காட்ஸ் விளையாட்டுத்தான். ஏழுக்குக் கீழே உள்ளதைக் கழித்துவிட்டு 32 காட்ஸோடு இருந்தால் மத்தியானச் சாப்பாடுகூட மறந்துபோகும். அத்தான் துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரிக் கடலைப் பார்ப்பார். பக்கத்தில் நின்று பார்த்த வெள்ளைக்காரருக்கு ஜாக்குக்கு 30 புள்ளி, ராசாவுக்கு வெறும் 3 என்று விளங்கவைக்கத்தான் பெரும் பாடு. மேலே கருத்து எழுதிய ஒருவர் காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பலிலேயே அலுத்துவிட்டது என்கிறார். அது 4 மணித்தியாலப் பயணம், ஒரு நித்திரையில் முடிந்துவிடும், இதோடு ஒப்பிட முடியாது. காட்ஸ் அறைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், பின்னேரம் பிரிட்ஜ் ஆடுபவர்கள் வந்து மேசையெல்லாம் பிடித்துவிடுவார்கள்.