ஊருக்கே நர்ஸம்மா, அவருக்குத் துணை யார்?

மே 12 செவிலியர் தினத்தன்று முகநூல் முழுக்க 'வெள்ளுடைத் தேவதைகள்' என்று வாழ்த்துகள் வந்துகொண்டே இருந்தன. வாழ்த்துவதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற சித்தியைப் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். தேவதை என்று கும்பிட்டுவிட்டால் அவர் சுமையை யாரும் பங்கு போட வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. அவருக்கு வேண்டியது கூடமாட நிற்க நாலு பேர்.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று. இது அரசு வைத்திருக்கும் அளவு. அத்தனை பேரில் யார் முழுகாமல் இருக்கிறார், யாருக்கு ரத்தசோகை, எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்பதெல்லாம் ஒரே பெண்ணின் பொறுப்பு. புதன்கிழமை தடுப்பூசி நாள். ஐஸ் பேக் வைத்த பெட்டிக்குள் மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். தட்டம்மை-ரூபெல்லா மருந்தைக் கலக்கிவிட்டால் 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சம் வீண். அதனால் குழந்தையோடு வராத தாய்மாரைத் தேடி, நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க்கரைக்கே சித்தி போய்விடுவார். 2011 டிசம்பரில், ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட் நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் வந்தது. "புது ஊசியா, எங்க பிள்ளைக்கு வேண்டாம்" என்று கதவைச் சாத்திய வீடுகள் உண்டு. சித்தி சண்டை போடவில்லை. மறுநாள் போய், அதற்கு மறுவாரமும் போய், திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பேசியே போட வைத்தார்.

சரி, இத்தனைக்கும் நடுவில் வீடு எப்படி ஓடியது? சித்தப்பாவால்தான். ராத்திரி வலி எடுத்த வீட்டிலிருந்து ஆள் வந்தால் சித்தி கிளம்பிவிடுவார். காலையில் சோறு வடித்து, மகளுக்குத் தலை பின்னி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது சித்தப்பா. பணி நிறைவு விழாவில் பேசியவர்கள் எல்லோரும் "குடும்பத்தையும் ஊரையும் இரண்டு கண்ணாகப் பார்த்தவர்" என்று சித்தியைப் புகழ்ந்தார்கள். சித்தப்பாவைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. அப்படி ஒரு கணவர் வாய்க்காத செவிலியர்கள் விடியுமுன் எழுந்து இரண்டு வேளைக்கும் சமைத்து வைத்துவிட்டு ஊரைச் சுற்றப் போகிறார்கள். அதையும் சேர்த்துத்தான் 'அர்ப்பணிப்பு' என்று நாம் பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

சித்தியின் மாமியார் பக்கவாதம் வந்து வருஷக்கணக்கில் படுக்கையில் இருந்தார். கடைசி வரை அவர் உடம்பில் ஒரு புண் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது அந்த வீட்டில் சட்டம். சித்தி வேலைக்குப் போயிருக்கும்போது சித்தப்பா, அவரும் இல்லாவிட்டால் மகன். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்து, தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் கேட்டுப் போக ஆரம்பித்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு சித்தியின் முழுநேர வேலையே அதுதான், சம்பளம் இல்லாமல்.

அவர் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து இடுப்புக்கு அடியில் விரித்து, இரண்டு பக்கமும் ஆள் நின்று தூக்கி நகர்த்த வேண்டும். தரதரவென்று இழுத்தால் தோல் உரசி, புண் அங்கேதான் ஆரம்பிக்கும். வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் தினமும் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் பவுடர் போட்டுத் தேய்க்கக் கூடாது, அந்த இடத்தில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கஞ்சி கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், குடித்ததும் உடனே சாய்க்கக் கூடாது. குழாய் போட்டிருந்தால், சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் இதைக் கற்றுக்கொள்ள வந்து நிற்பது மருமகள் மட்டும்தான். மகன் வாசலில் செல்போனோடு இருப்பார். சித்தி விட மாட்டார். "உள்ளே வா தம்பி, உங்க அம்மாதானே? அந்தப் பக்கம் பிடி" என்பார். ஊருக்கு அவர் செய்த தொண்டுகளிலேயே பெரியது இதுதான் என்பேன்.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, இயன்முறை சிகிச்சையும், தீராத நோயில் படுத்திருப்பவர்களின் வலியைக் குறைத்துப் பராமரிக்கும் நோய் ஆதரவு சிகிச்சையும் அதில் உண்டு. நல்ல திட்டம், மனதார வரவேற்கிறேன். ஆனால் நோய் ஆதரவு செவிலியர் ஒருவர் ஒரு வட்டாரத்தின் அத்தனை கிராமங்களையும் சுற்றி மறுபடி நம் தெருவுக்கு வரும்வரை அந்தப் படுக்கையை யார் பார்ப்பது? அந்த இடைவெளியை ஓய்வு பெற்ற ஒருவர் தன் பென்ஷன் காசில் பஞ்சும் கையுறையும் வாங்கி நிரப்பிக்கொண்டிருக்கிறார். ஓய்வு பெற்றவரின் நல்ல மனசை நம்பி ஒரு ஊர் இருக்கக் கூடாது. செவிலியர் எண்ணிக்கையைக் கூட்டத்தான் வேண்டும். இப்போது பணியில் இருக்கும் இளம் செவிலியர்களுக்கும் இதே கதைதான். பகலெல்லாம் வீடு வீடாக நடந்துவிட்டு, ராத்திரி பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகு கணினியிலும் போனிலும் பதிவேற்றம். பக்கத்து நிலையம் காலியாக இருந்தால் அதுவும் கூடுதல் பொறுப்பாக அவர் தலையில்.

சித்திக்கு இப்போது மூட்டுவலி. தூரத்துத் தெருக்களுக்கு நடக்க முடிவதில்லை. சுய உதவிக் குழுப் பெண்கள் சிலர் கூடப் போய்ப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். ஆண்களும் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறோம், இதுவரை இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

வரும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் எங்கள் தெருவிலிருந்து ஒரு மனு கொடுக்கிறோம். காற்று மெத்தை இரண்டு, சக்கர நாற்காலி ஒன்று, இவை ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும், தேவைப்படும் வீடு எடுத்துப்போய்த் திருப்பித் தர வேண்டும். அப்புறம், நோய் ஆதரவு செவிலியர் எங்கள் ஊருக்கு வரும் நாளை அறிவிப்புப் பலகையில் முன்கூட்டியே எழுதிப் போட வேண்டும். உங்கள் ஊரிலும் இதைக் கேளுங்கள். மனுவை எப்படி எழுதினோம் என்று வேண்டுபவர்கள் கமெண்ட்டில் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.