டி.எஸ்.எச். ஏறினால் லித்தியத்தை நிறுத்தணுமா?

பைபோலார் என்ற மனநிலை ஏற்ற இறக்க நோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரை பற்றி, "லித்தியம் போட்டா தைராய்டு செத்துரும், டி.எஸ்.எச். ஏறினா அன்னைக்கே நிறுத்திரணும்"னு உங்க பதிவில் எழுதியிருக்கீங்களே அண்ணே, முதல் பாதி மிகை, இரண்டாவது பாதி ஆபத்து.

தைராய்டு சுரப்பியிலிருந்து ஹார்மோன் வெளியேறுவதை லித்தியம் தடுக்கும்; அதனால்தான் சிலருக்கு, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். ஏறுது. பெண்களுக்கும், குடும்பத்தில் தைராய்டு இருப்பவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். அப்பவும் பெரும்பாலும் லித்தியத்தைத் தொடர்ந்துகொண்டே, தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்சின் சேர்ப்பார்கள். திடீரென நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும், தற்கொலை ஆபத்தும் கூடும். தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிடுங்க.

தொடங்கும் முன்னும், பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறையும் டி.எஸ்.எச்., கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுவது), கால்சியம் பார்க்கணும். லித்தியம் அளவுக்கு ரத்தம் கொடுப்பது கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து. காலை மாத்திரையைப் போட்டுட்டு லேபுக்குப் போனால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். தைராக்சின் வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னாடி. இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி.

சோர்வு, எடை கூடுதல், மலச்சிக்கல் வந்தால் மனச்சோர்வுன்னு விட்டுடாதீங்க. மதுரை சித்திரை வெயிலிலும் ஒருத்தர் குளிருதுன்னு ஃபேனை நிறுத்தச் சொன்னால் டி.எஸ்.எச். பாருங்க.