வீட்டுப் பக்கத்தில் விமான நிலையம், தம்பியை அழைத்துவரத் திருச்சி

எங்கள் வீட்டு மாடியில் ஏறினால் மதுரை விமான நிலைய விளக்குகள் தெரியும். ஆனால் கோலாலம்பூரிலிருந்து வரும் தம்பியை அழைத்துவர, போன வாரமும் நடுராத்திரியில் வண்டி பிடித்துத் திருச்சிக்குப் போனோம். போக வர 270 கிலோமீட்டர். இடுப்பு வலியோடு அம்மாவும் வந்தார். மூன்று வருடம் கழித்து வரும் பிள்ளையைப் பார்க்காமல் வீட்டில் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஓடுபாதை இருக்கிறது, சுங்கம் இருக்கிறது, குடியுரிமைச் சோதனை இருக்கிறது. கொழும்பு விமானம் வந்து போகிறது. அப்புறம் மலேசிய விமானம் மட்டும் ஏன் வருவதில்லை? இரண்டு நாட்டு அரசுகளும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் மதுரையின் பெயர் இல்லை. அவ்வளவுதான் காரணம்! ஒப்பந்தத்தில் இப்படிப் பெயர் போட்டு அனுமதிக்கிற ஊருக்கு 'பாயின்ட் ஆஃப் கால்' என்று பெயர். அந்தப் பட்டியலில் இல்லாத ஊரில் வெளிநாட்டு நிறுவனம் இறங்கவே முடியாது, எத்தனை பயணிகள் காத்திருந்தாலும் சரி. அனுமதி இல்லாமல் எந்த நாட்டுக்கும் வழக்கமான விமானச் சேவை நடத்தக் கூடாது என்று 1944-ல் சிகாகோவில் எழுதிய விதிதான் இதற்கெல்லாம் அடிப்படை.

தென்கிழக்கு ஆசிய நிறுவனங்கள் தாராளமாக வந்து போகலாம் என்று டெல்லி 18 ஊர்களைத் திறந்துவிட்டது. அதில் திருச்சி இருக்கிறது, கயா இருக்கிறது, கஜுராஹோ இருக்கிறது. மீனாட்சி கோயில் இருக்கிற மதுரை இல்லை! சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் மலேசியாவில் ஆள் இல்லாத ஊர் உண்டா? பட்டியல் போட்டவர்கள் யாரைக் கேட்டுப் போட்டார்கள்?

இந்திய நிறுவனங்களைக் காப்பாற்றத்தான் இந்தக் கட்டுப்பாடு என்று சொல்கிறார்கள். வெளிநாட்டு நிறுவனம் நம் ஆட்களை அதன் ஊருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் ஏற்றிவிட்டுச் சம்பாதிக்கிறதாம். சரி, அந்தக் கவலை நியாயமாகவே இருக்கட்டும். என் தம்பி லண்டனுக்கா போகிறான்? கோலாலம்பூரில் இறங்கி நேராக ஹோட்டல் வேலைக்குப் போகிறான். வெளிநாட்டுக்காரனுக்குக் கதவை மூடினால் நம் நிறுவனமாவது அந்தத் தடத்தில் பறக்க வேண்டாமா? இத்தனை வருடத்தில் அவனுக்கு மதுரையிலிருந்து ஒரு நேரடி விமானம் கிடைத்ததில்லை.

கேரளத்துக் கண்ணூரிலும் இதே வேதனைதான். 2018-ல் மூன்று கிலோமீட்டர் ஓடுபாதையோடு திறந்தார்கள். வளைகுடாவில் வேலை செய்பவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கும் மாவட்டம். வெளிநாட்டு நிறுவனங்களை அங்கேயும் விடவில்லை.

பட்டியலில் இருக்கும் ஊர்க்காரனுக்கும் விடிவு இல்லை. துபாய் தடத்தில் இந்திய நிறுவனங்களுக்கும் துபாய் நிறுவனங்களுக்கும் தனித்தனியாக வாரத்துக்கு ஏறத்தாழ 65,000 இருக்கை என்று 2014-ல் உச்சவரம்பு போட்டார்கள். பத்து வருடம் அதே எண்ணில் நின்றது. போகிற ஆள் கூடிக்கொண்டே இருக்க, இருக்கை கூடாவிட்டால் டிக்கெட் விலை ஏறாமல் என்ன செய்யும்? அந்தக் கூடுதல் பணம் போவது வெயிலில் கம்பி கட்டுகிறவன் பையிலிருந்து.

அடுத்த மாதம் தம்பி திரும்பிப் போக வேண்டும். திருச்சி வண்டிக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். அம்மா இந்தத் தடவையும் வருவேன் என்கிறார்.