மெர்சிடிஸ், பென்ஸின் மகள் அல்ல

உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணத்தைச் செய்தவர், காரை உருவாக்கிய ஜெர்மானியர் கார்ல் பென்ஸின் மகள் மெர்சிடிஸ் என்றும், அவர் பெயரே காருக்கு வந்தது என்றும் உதகை, குன்னூர் ஓட்டுநர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. பெயர் ஒரு மெர்சிடிஸுடையது என்பது மட்டும் சரி. அவர் டைம்லர் என்ற வேறொரு நிறுவனத்தின் கார்களை விற்ற எமில் யெல்லினெக்கின் மகள், பிறந்ததே 1889இல். பயணமோ 1888இல்! டைம்லரும் பென்ஸும் ஒரே நிறுவனமானது 1926இல்தான்.

ஓட்டியவர் பென்ஸின் மனைவி பெர்த்தா. ஜெர்மனியில் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சுமார் 100 கிலோமீட்டர். எரிபொருள் வாங்கியது மருந்துக்கடையில். உதகையின் கல்லட்டி மலைப்பாதை இறக்கத்தில் வண்டி ஓட்டுபவர்களுக்கு மீதிக் கதை இன்னும் பிடிக்கும்: தேய்ந்த பிரேக்குக்குச் செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் பொருத்த வைத்தார் பெர்த்தா; மேட்டில் மகன்கள் தள்ளினார்கள். அவர் சொன்ன குறையைக் கேட்டே ஏற்றத்துக்கென இன்னொரு கியர் சேர்க்கப்பட்டது.